மோதினால்தான் தெரியும்: நடுக்கடல் பவளத்திட்டுகள்

1829-ல் சிட்னியிலிருந்து கிளம்பிய மினெர்வா என்ற திமிங்கில வேட்டைக் கப்பல், டோங்காவுக்குத் தென்மேற்கே, நாலா பக்கமும் கரையே கண்ணில் படாத இடத்தில் எதன் மேலோ ஏறி உடைந்தது. ஏறியது ஒரு பவளத்திட்டின் மேல். 1854-ல் ஹெரால்ட் என்ற பிரிட்டிஷ் கப்பலில் வந்து அந்த இடத்தை அளந்த கேப்டன் டென்ஹாம், உடைந்த கப்பலின் பெயரையே திட்டுக்கு வைத்துவிட்டார். பசிபிக் வரைபடத்தில் இப்படிக் கப்பல் பெயர் தாங்கிய திட்டுகள் நிறைய. அவற்றில் பல, இடித்துக் கண்டுபிடிக்கப்பட்டவை.

கண் தெரியாமலா ஓட்டினார்கள்? இல்லை. பவளம் வளரும் விதமே அப்படி. பவள உயிரியின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன, அவை ஒளிச்சேர்க்கையில் செய்து தரும் உணவில்தான் அதன் பிழைப்பு பெரும்பாலும் ஓடுகிறது, அதனால் வெளிச்சம் தேடி மேலே மேலே சுண்ணாம்பைக் கட்டிக்கொண்டு வரும். ஆனால் தண்ணீரை விட்டு வெளியே வந்து வெயிலில் நெடுநேரம் காய்ந்தால் செத்துப்போகும். ஆக, கடல் மிகவும் வற்றும் மட்டம் எதுவோ, ஏறக்குறைய அதோடு வளர்ச்சி நின்றுவிடுகிறது. கப்பலின் அடிப்பாகத்தைக் கிழிக்க இதைவிடப் பொருத்தமான உயரம் கிடையாது! கடல் ஏறியிருக்கும்போது மேலே கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். அலை உடையும் வெள்ளை நுரையும், கடல் பக்கமிருந்து வருகிறவனுக்கு அலையின் முதுகுக்குப் பின்னால் மறைந்துவிடும்.

சரி, ஆழம் பார்த்துக்கொண்டே போகலாமே? பார்த்தார்கள். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி எத்தனை பாகம் (ஒரு பாகம் ஆறு அடி) என்று அளப்பதுதான் அன்றைய வழி. கண்டத்தின் கரையை நெருங்கும்போது ஆழம் படிப்படியாகக் குறையும், எச்சரிக்கை கிடைக்கும். இந்தத் திட்டுகளின் பக்கவாட்டோ கிட்டத்தட்ட சுவர். நூறு பாகம் கயிறு விட்டும் தரை தட்டாது, கொஞ்ச நேரத்தில் கப்பலே தட்டும்.

நடுக்கடலில் சுவர் எப்படி வந்தது என்பதற்கு 1842-ல் டார்வின் ஒரு விளக்கம் சொன்னார். எரிமலைத் தீவைச் சுற்றிப் பவளம் வளர்கிறது. தீவு மெல்ல மெல்ல அமிழ்கிறது. பவளம் விடாமல் மேலே கட்டிக்கொண்டே வர, கடைசியில் தீவு போய் வளையம் மட்டும் மிஞ்சுகிறது. 1952-ல் பசிபிக்கின் எனிவெட்டாக் திட்டில் துளையிட்டபோது 1,200 மீட்டருக்கும் மேலான சுண்ணாம்பைத் தாண்டித்தான் எரிமலைப் பாறை வந்தது. திட்டு கட்டும் பவளம் வெளிச்சம் எட்டும் மேல்மட்டத்தில் மட்டுமே வாழும் என்பதால், அவ்வளவு தடிமன் சேர வேண்டுமானால் அடித்தளம் இறங்கியே ஆகவேண்டும். அப்புறம் பனியுகங்களும் சேர்ந்து வேலை பார்த்தன. கடல் 120 மீட்டர் வரை இறங்கியிருந்தபோது இந்தத் திட்டுகள் வறண்ட குன்றுகளாக நின்றன, மழைநீர் நடுப்பகுதியைக் கரைத்துக் குழியாக்கியது. கடல் மறுபடி ஏறியபோது எல்லாத் திட்டுகளும் ஈடுகொடுக்கவில்லை. இந்தியப் பெருங்கடலின் கிரேட் சாகோஸ் திட்டு 12,000 சதுர கிலோமீட்டருக்கும் பெரியது, ஆனால் விளிம்பில் சில குட்டித் தீவுகளைத் தவிர முழுக்க நீருக்கடியில்தான்.

இன்னொரு வேடிக்கை, இல்லாத திட்டுகள். தீர்க்கரேகையைச் சரியாகக் கணிக்க முடியாத காலத்தில் ஒரே திட்டு இரண்டு மூன்று இடங்களில் குறிக்கப்படும். நிறம் மாறிய நீரும் மிதக்கும் எரிமலை நுரைக்கல்லும்கூடத் திட்டாகப் பதிவாகும். 1843-ல் ஒரு திமிங்கிலக் கப்பல் சொன்ன மரியா தெரசா திட்டை 1957-ல் தேடிப் போனவர்களுக்கு அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் வரைபடக்காரர்கள் லேசில் அழிக்கமாட்டார்கள், ‘இடம் சந்தேகம்’ என்று எழுதி விட்டுவைப்பார்கள். என்னைக் கேட்டால் அது நியாயம்தான். இல்லாத பாறைக்குச் சுற்றிப்போனால் சில மணி நேரம் நஷ்டம், இருக்கிற பாறையை அழித்தால் உயிர்.

வரைபடத்தில் இருந்தாலும் ஆபத்து போய்விடாது. 1962-ல் டோங்காவிலிருந்து நியூசிலாந்துக்குக் கிளம்பிய ஒரு பாய்மரப் படகு தெற்கு மினெர்வாவில் மோதியது (மினெர்வா என்பது வடக்கு, தெற்கு என இரண்டு திட்டுகள்). பிழைத்தவர்கள், அதே திட்டில் ஏற்கெனவே தட்டிக் கிடந்த ஜப்பானிய மீன்பிடிக் கப்பலுக்குள் ஏறித் தங்கினார்கள், மூன்று மாதம்.

இன்று வடக்கு மினெர்வாவின் ஒரே வாசல் வழியாக உள்ளே நுழைந்து, நல்ல வானிலைக்காக நங்கூரமிட்டுக் காத்திருக்கிற படகுகள் உண்டு. ஜிபிஎஸ் இருந்தாலும், இப்படிப்பட்ட திட்டுகளுக்குள் போகும் அனுபவசாலிகள் வெயில் உச்சியிலோ முதுகுக்குப் பின்னாலோ இருக்கும் நேரமாகப் பார்த்து, ஒருவரை முன்னால் நிறுத்தி நீரின் நிறத்தைப் பார்க்கச் சொல்வார்கள். கருநீலம் என்றால் ஆழம், வெளிர்பச்சை என்றால் மணல், பழுப்பு தெரிந்தால் உடனே திருப்ப வேண்டியதுதான்.