சீவலிலேயே தெரியும் காரீயம்

பித்தளைக் கம்பியை லேத்தில் கடையும்போது சீவல் பொடிப்பொடியாகச் சிதறினால், அதில் காரீயம் (lead) இருக்கிறது என்று சோதனைக்கு முன்பே ஊகித்துவிடலாம். காரீயம் இல்லாத சாதாரணப் பித்தளையில் சீவல் ஸ்பிரிங் மாதிரி நீண்டு, வெட்டும் கருவியைச் சுற்றிக்கொள்ளும். திடமான பித்தளையில் காரீயம் கரைவதில்லை. நுண்ணிய துளிகளாகத் தனியே கிடக்கிறது. அந்தத் துளிகளில்தான் சீவல் முறிகிறது, கருவிக்கு வழுவழுப்பும் கிடைக்கிறது. எளிதில் கடையக்கூடிய பித்தளையில் 3 சதவீதம் வரை காரீயம் சேர்ப்பது இதற்காகத்தான். அதனால், "காரீயம் சேர்ப்பதை நாளையே நிறுத்துங்கள்" என்று சொல்பவர்களைக் கண்டால், இவர்கள் ஒருநாளாவது லேத் பக்கம் நின்றிருப்பார்களா என்று தோன்றும்.

 

ஆனாலும் குறைத்துத்தான் ஆகவேண்டும். காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். பித்தளையை வார்ப்பதோ ஏறத்தாழ 1000 டிகிரியில். உலையிலிருந்து எழும் வெண்புகையில் பெரும்பங்கு துத்தநாகம். அதனால் வரும் காய்ச்சல் ஓரிரு நாளில் விட்டுவிடும். கூடவே ஏறும் காரீயம் எலும்பில் போய்த் தங்கிவிடும், வருடக்கணக்கில். வேலை உடுப்பில் ஒட்டி வீட்டுக் குழந்தை வரைக்கும் போகும். இரத்தத்தில் இவ்வளவு இருந்தால் பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவே தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சட்டங்களும் படிப்படியாகத்தான் இறங்கியிருக்கின்றன. அமெரிக்காவில் குடிநீர்க் குழாய்ப் பொருத்துகளில் 8 சதவீதம் வரை இருந்தாலும் 'காரீயமற்றது' என்றே 1986இல் எழுதிவைத்தார்கள். நீர் படும் பரப்புகளின் சராசரி 0.25 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது 2014 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் மின், மின்னணுச் சாதனங்களுக்கு 0.1 சதவீதம் என்று வரம்பிட்டது. கூடவே எஃகுக்கு 0.35, அலுமினியத்துக்கு 0.4, பித்தளை உள்ளிட்ட செம்புக் கலவைக்கு 4 சதவீதம் என்று விலக்கும் தந்தது. இந்த விலக்குகள் நிரந்தரமல்ல. கெடு வைத்து, மறுபடி ஆராய்ந்துதான் நீட்டிக்கிறார்கள். எனக்கு இந்த வழி பிடித்திருக்கிறது. மாற்றுக்குத் தயாராக அவகாசமும் இருக்கிறது, சாக்குச் சொல்ல ஒரு முடிவும் இருக்கிறது.

மாற்று இல்லாமல் இல்லை. சிலிக்கான் சேர்த்த பித்தளை நன்றாகவே கடைபடும், கருவிதான் சீக்கிரம் மழுங்கும். பிஸ்மத் என்ற உலோகமும் சீவலை முறிக்கும். ஆனால் அதன் ஸ்க்ராப் வேறு கலவையில் கலந்தால், சூட்டில் அடிக்கும்போது உலோகம் விரிசல் விடும். வேடிக்கை என்னவென்றால், பிஸ்மத்தில் கணிசமான பங்கு காரீயத்தைச் சுத்திகரிக்கும்போது கிடைக்கும் உபபொருள்.

என் அனுபவத்தில் வரம்பு மீறல் பெரும்பாலும் கலவைச் சூத்திரத்தில் நடப்பதில்லை, குப்பைத் தொட்டியில் நடக்கிறது. ஒரு பட்டறையின் வார்ப்புகள் 0.1 சதவீதச் சான்றிதழோடு வந்தன, சோதித்தால் 0.36. முதலில், உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டும் எங்கள் எக்ஸ்ரே கருவியைத்தான் சந்தேகித்தோம். கடையும்போது காரீயம் மேற்பரப்பில் இழுபட்டுப் பூசிக்கொள்ளும், அப்போது எண் கூடுதலாகக் காட்டும். அரத்தால் ராவிவிட்டுப் பார்த்தோம், எண் அசையவில்லை. நேரில் போனபோதுதான் புரிந்தது. 1000 கிலோ புதுப் பித்தளையோடு, 'நம்ம சீவல்தானே' என்று 100 கிலோ பழைய சீவலையும் உலையில் போட்டிருக்கிறார்கள். புதியதில் காரீயம் 0.1 சதவீதம், பழையதில் 3 சதவீதம். கணக்கு அச்சாகப் பொருந்தியது. கலந்த காரீயத்தைப் பிரித்தெடுக்க அந்த உலையால் ஆகாது. மேலும் மேலும் சுத்தமான உலோகத்தைச் சேர்த்து நீர்க்கச் செய்வது ஒன்றே வழி.

இப்போது அங்கே காரீயமற்ற கலவைக்குத் தனி லேத் ஒதுக்கி, சீவல் தொட்டிக்குப் பச்சை வண்ணம் அடித்திருக்கிறார்கள். போன முறை போனபோது இரண்டு லேத்துக்கும் ஒரே துடைப்பம் இருந்தது. இன்னொன்று வாங்கச் சொல்லிவிட்டு வந்தேன்.