பரவலாக்கம் அல்ல, மையமிலி

மயிலாப்பூரில் ஒரு மாடி அரங்கு. பிட்காயினைப் பற்றித் தமிழில் பேசுகிறார்கள் என்று போயிருந்தேன். திரையில் பெரிய எழுத்தில் 'பரவலாக்கப்பட்ட எண்ம நாணயம்'. 'டிசென்ட்ரலைஸ்டு டிஜிட்டல் கரன்சி'க்குத் தமிழாம். முன்வரிசையில் இருந்த, வங்கியில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் கையைத் தூக்கினார்: "யார் சார் பரவலாக்கினது? ரிசர்வ் பேங்கா?" பேச்சாளர் சுற்றிச் சுற்றி விளக்கினார், பிடிபடவில்லை. பெரியவர் மேல் குற்றமில்லை. அந்தச் சொல்லைக் கேட்டால் அப்படித்தான் கேட்கத் தோன்றும்.

'டிசென்ட்ரலைஸ்டு' என்பதன் நடுவே இருக்கும் 'சென்டர்' கிரேக்கக் 'கென்ட்ரான்': கூர்முனை, கவராயத்தில் ஊன்றி நிற்கும் ஊசி. வடமொழிக் 'கேந்திர'மும் அதன் பிள்ளைதான். முன்னால் வரும் 'டி' விலக்கும் ஒட்டு. வேர்க்கதை அவ்வளவே.

'பரவலாக்கல்' நமக்கு வந்தது பஞ்சாயத்து அரசியலிலிருந்து. 1992-இன் 73-ஆவது அரசமைப்புத் திருத்தத்தை அதிகாரப் பரவலாக்கல் என்கிறோம், சரியாகவே சொல்கிறோம். மேலே ஒரு அரசு இருக்கிறது, கையிலிருப்பதைக் கொஞ்சம் கீழே பிரித்துக் கொடுக்கிறது. கொடுப்பவர் இல்லாமல் அந்த வினை நிற்காது. 'பரவலாக்கப்பட்ட' என்று செயப்பாட்டுவினையில் எழுதினால் 'யாரால்?' என்ற கேள்வி வாசலிலேயே வந்து நிற்கும்.

பிட்காயினில் அந்த 'யார்' இல்லை. 2008 அக்டோபரில் சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் திட்டம் வெளியானது. 2009 ஜனவரி 3 தேதியிட்ட முதல் 'பிளாக்'கிலிருந்து, அதாவது கணக்கின் முதல் பக்கத்திலிருந்து, ஓடுகிறது. நம் தெருச் சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சீட்டு பிடிக்கும் அக்காவிடம் ஒரே நோட்டு. அவர் எழுதியதுதான் கணக்கு. அந்த நோட்டு சீட்டில் சேர்ந்த எல்லார் வீட்டிலும் இருந்து, ஒருவர் பணம் கட்டியதும் எல்லா வீட்டு நோட்டிலும் அதே வரி ஏறினால்? அதுதான் இது. சுமார் 10 நிமிடத்துக்கு ஒரு பக்கம் சேர்கிறது. பக்கத்தைச் சேர்க்கும் உரிமைக்குக் கணினிகள் ஒரு கணக்குப் புதிரோடு மல்லுக்கட்டுகின்றன. வென்றவருக்குப் புதுக் காசு: தொடக்கத்தில் 50, 2024 ஏப்ரலிலிருந்து 3.125. மொத்தம் 2 கோடியே 10 லட்சத்தைத் தாண்டாது. பொய்க்கணக்கு எழுதினால் மற்ற வீடுகள் அந்தப் பக்கத்தை ஏற்காது. (இந்த மல்லுக்கட்டைச் 'சுரங்கம் தோண்டுதல்' என்கிறார்கள். அதற்குத் தனியாக ஒருநாள் அழவேண்டும்.)

"கணக்கு எல்லா இடத்திலும் பரவித்தானே கிடக்கிறது, பரவலாக்கம் என்றால் என்ன தப்பு?" என்று நண்பர் ஒருவர் மல்லுக்கு நின்றார். பரவிக் கிடப்பது வேறு, நடு இல்லாதது வேறு. வங்கியும் தன் கணக்குகளை நாலு ஊரில் நகலெடுத்து வைக்கிறது. ஆனாலும் கணக்கை முடக்க ஒரு தலைமையகம் போதும். கணக்கேட்டைப் 'பரவல் கணக்கேடு' என்று சொல்லுங்கள், சண்டைக்கு வரமாட்டேன். நாணயத்துக்கு அந்தப் பெயர் ஆகாது. வெறும் 'எண்ம நாணயம்' என்று விட்டாலும் குழப்பம்தான். 2022 டிசம்பரில் ரிசர்வ் வங்கி பொதுமக்களுக்குச் சோதனையாக விட்ட டிஜிட்டல் ரூபாயும் எண்மம்தான். அதற்கு மையம் மும்பையில் உட்கார்ந்திருக்கிறது.

என் சொல் 'மையமிலிக் காசு'. பள்ளிக் கணக்கில் 'முடிவிலி' படித்த பிள்ளைக்கு 'மையமிலி' தானாக விளங்கும். 'மையம்' வடமொழி 'மத்ய'த்தின் திரிபு என்று மூக்கைச் சுளிப்பவர்கள் 'நடுவிலி' என்று வைத்துக்கொள்ளட்டும். 'நாணயம்' வேண்டாம் என்பதற்குக் காரணம், அது நேர்மையையும் குறிக்கிறது. விலை இப்படி ஏறி இறங்கும் பொருளுக்கு அந்தச் சான்றிதழை நாமே ஏன் தரவேண்டும்? 'காசு' குறுந்தொகையிலேயே இருக்கிறது, கிளி வாயிலிருக்கும் வேப்பம்பழத்துக்கு உவமையாக.

மொழிபெயர்ப்பவர்கள் பாதிப்பேர் பொருளைப் பார்ப்பதில்லை. அகராதியில் முதலில் நிற்கும் சொல்லை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள்.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது பெரியவரைப் பிடித்தேன். "சார், யாரும் பரவலாக்கல. இதுக்கு மையமே கிடையாது."

இரண்டு படி இறங்கி நின்றார். "அப்போ காசைத் திறக்கிற ரகசியச் சாவி தொலைஞ்சா எந்தக் கிளையில போய் எழுதிக் கொடுக்கிறது?"

"எங்கேயும் இல்ல சார்."

"இதை அந்தத் தம்பி முதல்லயே சொல்லியிருக்கலாமே," என்று செருப்பைத் தேடப் போனார்.