அச்சு நாடுகள்: மாட்டுவண்டிச் சொல் போருக்குப் போன விதம்

மாட்டுவண்டியின் இரண்டு சக்கரங்களையும் குறுக்கே கோத்து நிற்கும் தண்டுதான் அச்சு. இருசு என்றும் சொல்வார்கள். "பீலிபெய் சாகாடும் அச்சிறும்" என்று வள்ளுவர் பாடியது இந்த அச்சைத்தான். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் மூன்றையும் 'அச்சு நாடுகள்' என்கிறோமே, அதுவும் இதே வண்டி அச்சுதான். அச்சகத்துக்கும் அச்சத்துக்கும் அங்கே வேலையில்லை.

1936 அக்டோபரில் இத்தாலியும் ஜெர்மனியும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. நவம்பர் 1 அன்று மிலானில் பேசிய முசோலினி, ரோமுக்கும் பெர்லினுக்கும் நடுவே உள்ள கோடு பிரிக்கும் சுவரல்ல, அமைதி விரும்பும் ஐரோப்பிய நாடுகள் சுற்றிவரக்கூடிய அச்சு என்றார். வண்டி அச்சைக் குறிக்கும் 'அஸ்ஸே' என்ற இத்தாலியச் சொல் அதன்பின் அரசியலில் நிலைத்துவிட்டது. 1940 செப்டம்பர் 27 அன்று பெர்லினில் கையெழுத்தான முத்தரப்பு உடன்படிக்கையால் ஜப்பானும் அதில் பூட்டப்பட்டது.

பிறகு ஹங்கேரி, ருமேனியா, ஸ்லோவாக்கியா, பல்கேரியா சேர்ந்தன. யுகோஸ்லாவியாவின் கதை வேறு. 1941 மார்ச் 25 அன்று அந்த அரசு கையெழுத்திட்டது. இரண்டே நாளில் ராணுவ அதிகாரிகள் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். "ஒப்பந்தத்தைவிடப் போரே மேல்" என்று பெல்கிரேட் தெருக்களில் மக்கள் முழங்கினார்கள். ஏப்ரல் 6 அன்று ஜெர்மன் விமானங்கள் அந்த நகரத்தின்மீது குண்டு பொழிந்தன. பின்லாந்தோ ஜெர்மனியோடு நின்று சோவியத்தை எதிர்த்துப் போரிட்டது, ஆனால் முத்தரப்பு உடன்படிக்கையில் கையெழுத்திடவே இல்லை. அதை 'உடன் போரிட்ட நாடு' என்பதே சரி.

எதிர்ப்பக்கத்துக்கு நாம் வைத்த பெயர் 'நேச நாடுகள்'. நேசம், வடமொழி 'ஸ்நேக'த்திலிருந்து வந்தது. ஆனால் ஐரோப்பிய மொழிகளில் இதற்கு வழங்கும் சொல்லின் வேர், 'கட்டு' என்று பொருள்படும் லத்தீன் 'அல்லிகாரே'. அன்பு என்ற பொருள் அதில் இல்லை. 1939 ஆகஸ்டில் ஹிட்லரோடு போர் தவிர்ப்பு ஒப்பந்தம் செய்த சோவியத், 1941 ஜூன் 22 அன்று அதே ஹிட்லரால் தாக்கப்பட்டது. மூன்றே வாரத்தில், ஜூலை 12 அன்று, தனியாகச் சமாதானம் செய்துகொள்வதில்லை என்று பிரிட்டனோடு ஒப்பந்தம் போட்டது. அவர்களைக் கட்டியது பொது எதிரிதான்.

அதனால் பொதுச்சொல்லாக எனக்குப் பிடித்தது 'கூட்டணி'. தேர்தல் செய்திகளில் தேய்ந்துபோனாலும் அது தூய போர்ச்சொல். அணி என்றால் படை வகுப்பு. முன்னணி, பின்னணி எல்லாம் அந்த வழியில் வந்தவையே. எந்தக் கூட்டணி என்று ஐயம் வரும் இடத்தில் 'படைக்கூட்டணி' என்று எழுதலாம். 'நேச நாடுகள்' பெயராகவே ஊன்றிவிட்டது, இருக்கட்டும்.

முதல் உலகப்போரைப் பற்றி எழுதும்போதும் சிலர் 'அச்சு நாடுகள்' என்று போட்டுவிடுகிறார்கள். அது தவறு. அங்கே ஜெர்மனியும் ஆஸ்திரியா-ஹங்கேரியும் 'மைய நாடுகள்'. 1882 முதல் அவற்றோடு முக்கூட்டணியில் இருந்த இத்தாலி, 1914-இல் ஆஸ்திரியாதான் முதலில் தாக்கியது என்று காரணம் காட்டி ஒதுங்கி நின்றது. 1915 மே மாதம் எதிரணியில் சேர்ந்து அதே ஆஸ்திரியாமீது போர் தொடுத்தது.