முதல் வேலைக்குச் சேர்கிறீர்களா? பி.எஃப்., இ.எஸ்.ஐ., 15,000 ரூபாய் ஊக்கத்தொகை பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஓசூர், சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி சிப்காட்டுகளில் வேலைக்குச் சேர்பவர்கள் சட்டை தைப்பதற்கும் ரூம் பார்ப்பதற்கும் முன்னால் முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஆதார் அட்டையை எடுத்து அதிலுள்ள பெயர், பிறந்த தேதி, போன் நம்பர் மூன்றும் சரியா என்று பார்ப்பதுதான் அது. பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்குக்கான 12 இலக்க யு.ஏ.என். எண் இப்போது ஆதாரிலிருந்துதான் பிறக்கிறது. ஆதாரில் பிழை இருந்தால் அந்தப் பிழை எண்ணோடு ஒட்டிக்கொண்டு, பல வருஷம் கழித்துப் பணம் எடுக்கப் போகும்போது வந்து நிற்கும்.

நம் பக்கத்தில் அதிகம் சிக்குவது இனிஷியல். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும். பான் கார்டிலோ இனிஷியலை விரித்து அப்பா பெயரை முழுதாகப் போட்டிருப்பார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தெலுங்கு, கன்னடம் பேசும் குடும்பங்கள் அதிகம் என்பதால் ஒரே அப்பா பெயர் ஓரிடத்தில் நாகராஜ், இன்னோரிடத்தில் நாகராஜா, மற்றோரிடத்தில் நாகராஜன் என்று இருக்கும். இதைச் சேருவதற்கு முன்பே ஒன்றாக்கிவிடுங்கள். ஆதாரில் பெயரை இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே ஒரு முறை. அதனால் மார்க் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகத் திருத்துங்கள். போன் நம்பரையும் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் படித்தபோது கொடுத்த அப்பாவின் பழைய நம்பர் இன்னும் அதில் இருந்தால் ஓ.டி.பி. வராது.

யு.ஏ.என். எடுப்பது எப்படி

2025 ஆகஸ்ட் 1 முதல் புதிய யு.ஏ.என். எடுக்க முகப் பதிவு கட்டாயம். கம்பெனி எச்.ஆர். உங்களுக்காக எடுத்துத் தருகிற பழைய வழி இந்தியத் தொழிலாளர்களுக்குப் பொதுவாக இப்போது இல்லை. உங்கள் முகம், உங்கள் போன் வேண்டும். போனில் மத்திய அரசின் உமாங் செயலியையும், ஆதார் ஃபேஸ் ஆர்டி என்ற செயலியையும் இறக்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது இல்லாமல் கேமரா திறக்காது. பலர் பாதியில் நின்றுவிடுவது இங்கேதான். உமாங்கில் இ.பி.எஃப்.ஓ. (பி.எஃப். நிறுவனம்) பகுதிக்குப் போய் யு.ஏ.என். பெறுதல், செயல்படுத்துதல் என்ற சேவையைத் திறந்து, ஆதார் எண்ணையும் அதோடு இணைந்த போன் நம்பரையும் கொடுத்து, ஓ.டி.பி. போட்டு, முகத்தைக் காட்டினால் எண் எஸ்.எம்.எஸ்.ஸில் வந்துவிடும். வெளிச்சம் முகத்தின் மேல் விழ வேண்டும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால் பதிவாகாது. பிறகு யு.ஏ.என். அட்டையை இறக்கி எச்.ஆரிடம் கொடுத்தால் போதும்.

இந்த எண் ஆயுளுக்கும் ஒன்றுதான். நாளை ஓசூரை விட்டு அத்திப்பள்ளி தாண்டி பொம்மசந்திராவில் சேர்ந்தாலும், ஜிகணிக்குப் போனாலும் இதே எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். மாநிலம் மாறினாலும் எண் மாறாது.

சம்பளத்தில் எவ்வளவு போகும்

20 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு பி.எஃப். கட்டாயம் என்று பொதுவாகச் சொல்வார்கள். சரியாகச் சொன்னால் 20 பேர் இருந்தாலே கட்டாயம். தொழிலாளர்களுக்கான மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு 10 பேர். மொத்தச் சம்பளம் 18,000, அதில் பேசிக்கும் (அடிப்படைச் சம்பளம்) டி.ஏ.வும் (அகவிலைப்படி) சேர்த்து 12,000 என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப். 12,000-த்தில் 12 சதவீதம், அதாவது 1,440. இ.எஸ்.ஐ. 18,000-த்தில் 0.75 சதவீதம், 135. இரண்டும் போகக் கைக்கு வருவது 16,425. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொழில் வரியும் பிடிப்பார்கள்.

கம்பெனி தன் பங்காக இன்னொரு 1,440 கட்ட வேண்டும். அதில் 8.33 சதவீதம், சுமார் 1,000 ரூபாய், பென்ஷன் கணக்குக்குப் போகிறது. மீதி 440 உங்கள் பி.எஃப்.பில் சேர்கிறது. பாஸ்புக்கில் கம்பெனி பங்கு குறைவாகத் தெரிவது இதனால்தான், ஏமாற்று அல்ல. இ.எஸ்.ஐ.க்கு கம்பெனி 3.25 சதவீதம், அதாவது 585 ரூபாய் கட்டும். இவை எல்லாவற்றையும் கூட்டி சுமார் 20,000 சி.டி.சி. (உங்களுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு) என்று வேலை கொடுப்பவர் சொல்வார். நேர்காணலில் சி.டி.சி. எவ்வளவு என்று கேட்காதீர்கள். "பேசிக் எவ்வளவு, கைக்கு எவ்வளவு" என்று கேளுங்கள்.

பேசிக்கை 6,000 என்று காட்டி, மீதியைப் பல படிகளாக (அலவன்ஸ்களாக) பிரித்து பி.எஃப்.பைக் குறைப்பது நெடுநாள் வழக்கம். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, விலக்கு பெறும் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதி சம்பளமாகவே கணக்கில் வரும். எல்லோருக்கும் பணி நியமனக் கடிதம் தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. கடிதம் கேட்டு வாங்குங்கள். "அப்புறம் தரேன்" என்பதை ஒரு வாரத்துக்கு மேல் ஏற்க வேண்டாம்.

டிப்ளமோ, இன்ஜினியரிங் முடித்து 15,000-க்கு மேல் பேசிக்கில் முதல்முறை சேர்பவர்களைக் கம்பெனி பி.எஃப்.பில் சேர்க்காமல் விடச் சட்டம் இடம் கொடுக்கிறது. சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். கையில் கொஞ்சம் கூட வருகிறதே என்று விட்டால், கீழே சொல்லப்படும் ஊக்கத்தொகையும் போய்விடும்.

15,000 ரூபாய் ஊக்கத்தொகை

பிரதம மந்திரி விக்சித் பாரத் ரோஜ்கார் யோஜனா என்ற மத்திய அரசுத் திட்டம் 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை உருவாகும் வேலைகளுக்குப் பொருந்தும். முதல்முறையாக பி.எஃப்.பில் சேர்பவருக்கு ஒரு மாத பி.எஃப். சம்பளம், அதிகபட்சம் 15,000 ரூபாய், இரண்டு தவணையாகக் கிடைக்கும். முதல் தவணை ஆறு மாதம் வேலை செய்த பிறகு. இரண்டாவது 12 மாதம் முடித்து, நிதி பற்றிய ஒரு சிறு பயிற்சியையும் முடித்த பிறகு. தொகையில் ஒரு பகுதி சேமிப்புக் கணக்கில் குறிப்பிட்ட காலம் இருக்கும். மாதச் சம்பளம் 1 லட்சம் வரை உள்ளவர்களுக்குத் தகுதி உண்டு. மேலே சொன்ன உதாரணத்தில் பி.எஃப். சம்பளம் 12,000 என்பதால் அவருக்கு மொத்தம் 12,000தான், 15,000 அல்ல.

இதற்காக யாரிடமும் மனு எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை, யாருக்கும் கமிஷன் தர வேண்டியதும் இல்லை. பணம் நின்றுபோவதற்கான காரணங்கள் வேறு. படிக்கும்போது லீவில் கான்ட்ராக்டில் இரண்டு மாதம் போயிருப்பீர்கள்; அங்கே 2025 ஆகஸ்டுக்கு முன்பே பி.எஃப். பிடித்திருந்தால் நீங்கள் புதியவர் அல்ல. ஆனால் அப்ரண்டிஸ் சட்டப்படி ஸ்டைபெண்ட் வாங்கிய காலம் பி.எஃப்.பில் வராது, அதனால் அது தடையாகாது.

இன்னொரு காரணம் வங்கிக் கணக்கு. பணம் ஆதாரோடு இணைந்த கணக்குக்குத்தான் வரும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வாங்கியவர்களின் ஆதார் பெரும்பாலும் அந்தக் கல்லூரிக் காலத்துக் கணக்கோடுதான் இணைந்திருக்கும். கம்பெனி திறந்து கொடுத்த புதிய சம்பளக் கணக்கில் பணம் வரவில்லையே என்று தேடிக்கொண்டிருப்பார்கள், அது பாலக்கோட்டிலோ அரூரிலோ ஒரு கிளையில் கிடக்கும். மைஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால் எந்த வங்கி என்று தெரிந்துவிடும்.

ஒவ்வொரு மாதமும் பார்க்க வேண்டியது

பிடித்த பணத்தைக் கம்பெனி அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். 20-ஆம் தேதி வாக்கில், பதிவு செய்த போனிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுங்கள்; கடைசியாகக் கட்டிய தொகை எஸ்.எம்.எஸ்.ஸில் வரும். உமாங்கில் பாஸ்புக்கும் பார்க்கலாம். கான்ட்ராக்ட் மூலம் சேர்ந்திருந்தால் பாஸ்புக்கில் தொழிற்சாலையின் பெயர் இருக்காது, கான்ட்ராக்டரின் பெயர்தான் இருக்கும். அவர் யார் என்று சேரும் நாளிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கான்ட்ராக்டர் கட்டாமல் விட்டால் தொழிற்சாலை நிர்வாகமும் பொறுப்பு என்பதால் இரண்டு பெயரையும் சேர்த்துத்தான் புகார் கொடுக்க வேண்டும். தினக்கூலி 600 என்று பேசிவிட்டு, முதலாளி பங்கையும் அதிலேயே கழிப்பது சட்டவிரோதம்.

இ.எஸ்.ஐ.

மொத்தச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்கள் இதில் வருவார்கள். சிகிச்சை சேர்ந்த நாளிலிருந்தே உண்டு. பதிவு செய்யும்போது உங்களுக்கு ஒரு மருந்தகமும் குடும்பத்துக்கு வேறொன்றும் தனித்தனியாகத் தேர்வு செய்யலாம். ஓசூரில் ரூமில் தங்கி, அப்பா அம்மா பென்னாகரத்திலோ ஊத்தங்கரையிலோ இருந்தால் இது மிகவும் முக்கியம். உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோர் பெயரையும் போட்டோவோடு சேர்த்துவிடுங்கள். ஓசூரில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது.

உடம்பு சரியில்லாமல் லீவு போட்டால் வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். ஆனால் ஏப்ரல்–செப்டம்பர் அல்லது அக்டோபர்–மார்ச் என்ற ஆறு மாதக் கணக்கில் 78 நாளாவது பணம் கட்டியிருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவருக்கு இது முதல் ஒன்பது மாதத்துக்குக் கிடைக்காது. விபத்துக்கு அந்த நிபந்தனை கிடையாது: முதல் நாளே பிரஸ்ஸில் விரல் நசுங்கினாலும், வேலைக்கு வரும் வழியில் நெடுஞ்சாலையில் அடிபட்டாலும், வேலை செய்ய முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் உண்டு. அடிபட்ட அன்றே சூப்பர்வைசரிடம் சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுத வைக்க வேண்டும். "சின்னக் காயம், கிளினிக்ல காட்டிக்கோ, செலவு நாங்க பாத்துக்கறோம்" என்பதை ஏற்றால், பின்னால் விரல் மடங்காமல் போனாலும் அது வேலையில் நடந்தது என்று நிரூபிக்கக் கையில் ஒன்றும் இருக்காது.

வேலை மாறும்போது

கம்பெனி மாறியதும் பி.எஃப்.பை எடுத்துவிடுவது நம் பக்கம் பழக்கமாகிவிட்டது. எடுக்காதீர்கள்; புதிய கம்பெனிக்கு மாற்றுங்கள். பென்ஷனுக்குப் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். பென்ஷன் பணத்தை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த வருஷக் கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பும். பழைய கம்பெனி நீங்கள் விலகிய தேதியைப் போடவில்லை என்றால் மாற்றம் நிற்கும். கடைசிப் பணம் கட்டி இரண்டு மாதம் கழித்து நீங்களே அந்தத் தேதியைப் பதிவு செய்யலாம். "பி.எஃப். எடுத்துத் தரப்படும்" என்று போர்டு வைத்த கடையில் ஓ.டி.பி.யும் பாஸ்வேர்டும் கொடுக்க வேண்டாம். அவர்கள் நம்பர் பதிவாகிவிட்டால் உங்கள் கணக்கின் சாவி அவர்களிடம் போனது போல.

சேர்ந்த மாதமே நாமினியைப் பதிவு செய்யுங்கள். வேலையில் இருக்கும்போது இறந்தவரின் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை காப்பீடு பி.எஃப்.போடு சேர்ந்தே வருகிறது. நாமினி இல்லாவிட்டால் பெற்றோர் வாரிசுச் சான்றுக்குத் தாலுகா அலுவலகம் அலைய வேண்டிவரும்.

புகாருக்கு இ.பி.எஃப்.ஓ. உதவி எண் 14470. நேரில் பேச வேண்டுமென்றால் ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் பி.எஃப். குறைதீர் முகாம் நடக்கிறது. அன்று விடுமுறையானால் அடுத்த வேலை நாளில். யு.ஏ.என்., ஆதார், நியமனக் கடிதம், பணம் பிடித்ததைக் காட்டும் பே ஸ்லிப்புகள், வங்கி ஸ்டேட்மென்ட் நகல்களோடு போங்கள். பே ஸ்லிப்பே தராத இடமென்றால் சம்பளம் வந்த ஸ்டேட்மென்ட்டும், கேட் பாஸ் அல்லது ஐ.டி. கார்டின் போட்டோவும் உதவும், அதனால் ஐ.டி. கார்டை வேலையை விடும் நாளில் திருப்பிக் கொடுக்கும் முன்பே போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள்.