தேர்ச் சத்தம் முந்துமா, டிவி முந்துமா?

நெல்லை டவுனில் வடக்கு ரத வீதியில் இருக்கிறது என் ஆச்சியின் வீடு. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தன்று அந்த வீட்டின் வாசல் பக்கத் தார்சாவில் சொந்தபந்தம் நெருக்கியடித்து நிற்கும். முழங்கால் வலிக்காரியான ஆச்சி மட்டும் உள்ளே பட்டாசாலை என்கிற கூடத்தில் டிவிக்கு எதிரே உட்கார்ந்திருப்பாள். மேல ரத வீதியிலிருந்து தேர் எங்கள் தெருவுக்குத் திரும்பும் முக்கில் உள்ளூர் சேனல்காரர்கள் ஒரு கேமரா வைத்திருப்பார்கள்; எங்கள் வீட்டுக்கு எதிர் மாடியில் இன்னொன்று. என் சிறு வயதில், "தேர் திரும்பிவிட்டது" என்று முதலில் குரல் கொடுப்பது ஆச்சிதான். அதற்குப் பிறகே முக்கிலிருந்து எழும் ஆரவாரம் எங்கள் காதுக்கு எட்டும். வெயிலில் கால் கடுக்க நிற்கும் எங்களை வீட்டுக்குள் இருந்தபடியே தோற்கடித்துவிட்டதில் அவளுக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

செட் டாப் பாக்ஸ் வந்த பிறகு கதை தலைகீழானது. வெளியே கொட்டுச் சத்தம் கேட்டு முடிந்த பின்னும் டிவியில் தேர் முக்கிலேயே நின்றது. "இந்தப் பெட்டிக்குச் சோம்பல் ஐயா, பழைய டிவி இப்படி இருக்காது" என்று புது டிவியின் மேல் பழி போட்டாள். டிவியின் மேல் குற்றமில்லை. ஆனால் ஆச்சி பிடித்த வித்தியாசம் உண்மையானது. அந்தச் சில விநாடித் தாமதத்துக்குப் பின்னால், உள்ளூர் தொலைக்காட்சி இயங்கும் முறையே மாறிப்போயிருந்தது.

முதலில் பழைய கணக்கு. ஆனி மாத வெக்கையில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். முக்கிலிருந்து எங்கள் வீடு சுமார் 200 மீட்டர். சத்தம் வந்து சேர அரை விநாடிக்குச் சற்று அதிகம் ஆகும். கேமராவில் பட்ட காட்சியோ மின்சார அலையாகி, கோஆக்சியல் என்கிற கேபிள் டிவிக் கம்பி வழியே மொட்டை மாடி மொட்டை மாடியாகத் தாவி கேபிள்காரர்களின் கன்ட்ரோல் ரூமுக்குப் போகும். அங்கிருந்து வேறொரு கம்பியில் எங்கள் வீட்டுக்கு வரும். போக வர இரண்டரை கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், அந்தக் கம்பியில் மின்சார அலையின் வேகம் விநாடிக்குச் சுமார் இரண்டரை லட்சம் கிலோமீட்டர். விநாடியில் லட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில் வேலை முடிந்துவிடும். படக்குழாய் டிவியும் வந்த அலையை வந்த கணமே திரையில் கோடு கோடாக எழுதிவிடும். 625 கோடுகள், விநாடிக்கு 25 படங்கள். எங்கேயும் எதையும் சேர்த்து வைக்கும் வழக்கம் இல்லை. அதனால்தான் ஆச்சி ஜெயித்தாள்.

இந்த ஊருக்குத் தொலைக்காட்சி வந்த வழியே கொஞ்சம் விசித்திரமானது. திருநெல்வேலி வானொலி நிலையம் 1963 டிசம்பர் 1 அன்றே தொடங்கிவிட்டது. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியும், அதன் அலை தாமிரபரணிக் கரைக்கு எட்டவில்லை. தொலைக்காட்சி அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது. பூமி வளைந்து இறங்கும் இடத்தில் அது தலைக்கு மேலே போய்விடும். எனவே எங்கள் பக்கத்தில், அதிலும் கடலோர ஊர்களில், பலர் முதலில் பார்த்தது இலங்கையின் ரூபவாகினியை. அது 1982 பிப்ரவரி 15 அன்று தொடங்கியது. அதன் முதன்மைக் கோபுரம் 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதாலகால மலையின் உச்சியில் இருந்தது.

அதிலும் ஒரு புதிர் உண்டு. அவ்வளவு உயரத்தில் கோபுரம் வைத்தாலும் நேர்கோட்டுப் பார்வை சுமார் 225 கிலோமீட்டரில் முடிந்துவிடும். திருநெல்வேலியோ அங்கிருந்து கிட்டத்தட்ட 390 கிலோமீட்டர். எட்டக்கூடாத அலை எப்படி எட்டியது? இடையில் இருந்த மன்னார் வளைகுடாதான் காரணம். கடல்மட்டத்தை ஒட்டி ஈரக்காற்றும் அதற்கு மேலே வெப்பமான வறண்ட காற்றும் அடுக்காக நிற்கும்போது, அந்த அடுக்கு அலையை மேலே தப்பவிடாமல் கீழே வளைத்துவிடும். வாய்க்காலில் ஓடும் தண்ணீரைப் போல அலை அந்த அடுக்குக்குள்ளேயே வெகுதூரம் வரும். காற்று கலைந்தால் வாய்க்கால் உடைந்துவிடும். ஒரு நாள் கண்ணாடி போலத் தெரிந்த கிரிக்கெட் ஆட்டம் மறுநாள் வெறும் புள்ளிக் கூட்டமானது இதனால்தான். அப்பா ஆன்டெனாவைத் தென்கிழக்கே திருப்பித் திருப்பி மொட்டை மாடியில் நின்றதும், "இப்போது தெரிகிறதா?" என்று கேட்டதும், வானிலையோடு அவர் நடத்திய பேச்சுவார்த்தை என்றே இப்போது தோன்றுகிறது. பிறகு கொடைக்கானல் மலையில் தூர்தர்ஷன் கோபுரம் வந்தது. அது எங்களுக்குச் சுமார் 165 கிலோமீட்டர்தான். மலையின் உயரத்துக்கு அந்தத் தூரம் நேர்கோட்டுக்குள் அடங்கிவிடும். பேச்சுவார்த்தை ஓய்ந்தது.

கேபிள்காரர்கள் வந்தது அதற்குப் பிறகு. ஒரு வி.சி.ஆர்., வாடகைக்கு எடுத்த கேசட், அந்தப் படத்தை ஓர் அலைவரிசையில் ஏற்றும் மாடுலேட்டர், தெருவுக்குத் தெரு இழுத்த கறுப்புக் கம்பி. உள்ளூர் ஒளிபரப்பு நிலையத்தின் முதல் வடிவம் இவ்வளவுதான். 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கிய பிறகு வெளிச் சேனல்களைப் பிடிக்கவும் அதே கம்பி பயன்பட்டது. கேபிள் தொலைக்காட்சி ஒழுங்குமுறைச் சட்டம் 1995இல்தான் வந்தது. அதற்கு முன்பே தெருக்களில் கம்பி போய்விட்டிருந்தது. வெளிச் சேனல்களுக்கு நடுவே தங்களுக்கென்று ஓர் இடத்தை ஒதுக்கி, கேபிள்காரர்கள் உள்ளூர் சேனல் நடத்தினார்கள். பிறந்தநாள் வாழ்த்து, ஜவுளிக்கடை விளம்பரம், கீழே ஓடும் வரியில் மின்தடை அறிவிப்பு. சுடலைமாடன் கோயில் கொடை விழா என்றால் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் விடிய விடிய ஓடும். எந்தப் பெரிய சேனல் அதற்கு ஆறு மணி நேரம் ஒதுக்கும்?

கன்ட்ரோல் ரூம் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். நான் உள்ளே போய்ப் பார்த்தது, ஏ.சி. ஓயாமல் ஓடிய ஒரு மாடி அறை. மாடியில் வலைக்கிண்ணங்களாக டிஷ்கள். திருநெல்வேலி 9 டிகிரி அட்சரேகைக்குக் கீழே, நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. செயற்கைக்கோள்களோ அந்தக் கோட்டுக்கு நேர் மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பவை. அதனால் எங்கள் ஊர் டிஷ் கிட்டத்தட்ட வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கும். டெல்லி டிஷ் அதைவிட நன்றாகச் சரிந்து நிற்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள், பகலில் சில நிமிடங்கள் வெளிச் சேனல்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும். அந்த நிமிடங்களில் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது. சூரியனின் வானொலி இரைச்சலில் செயற்கைக்கோளின் மெல்லிய குரல் அமிழ்ந்துவிடுகிறது. வடக்கே போகப் போக மார்ச் மாதத்தில் இது முன்கூட்டியே வரும், செப்டம்பர் பக்கம் தாமதமாக வரும். டெல்லியில் அக்டோபர் தொடக்கம் வரை போய்விடும். அந்த நேரத்தில் உள்ளூர் சேனல் மட்டும் எதுவும் நடக்காததுபோல விளம்பரம் போட்டுக்கொண்டிருக்கும். அது வானத்துக்கே போவதில்லை அல்லவா?

கம்பியின் சங்கடம் வேறு. வீட்டுக்கு இழுக்கும் சாதாரண கோஆக்சியல் கம்பியில் 750 மெகாஹெர்ட்ஸ் அலை 100 மீட்டர் போவதற்குள் அதன் திறன் நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். குறைந்த அலைவரிசையில் இழப்பும் குறைவு. ஆகவேதான் தெருக்கோடி வீடுகளில் சில சேனல்கள் பளிச்சென்றும் சில புள்ளியடித்தும் தெரிந்தன. கம்பத்துக்குக் கம்பம் ஆம்ப்ளிஃபயர் மாட்டினாலும், அது படத்தோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். கண்ணாடியிழையில் இந்தத் தொல்லை கிடையாது. 10 கிலோமீட்டர் போன பிறகும் ஒளியின் திறனில் பாதிக்கு மேல் மிச்சமிருக்கும். இழை வந்ததும் தெருவுக்கொரு கன்ட்ரோல் ரூம் தேவையற்றதாகி, பலவும் ஒன்றுக்குள் ஒன்று அடங்கின.

அடுத்து டிஜிட்டல். 2011இல் சட்டம் திருத்தப்பட்டு, கேபிள் படிப்படியாக டிஜிட்டலுக்கு மாறியது. அதே ஆண்டு புத்துயிர் பெற்ற அரசு கேபிள் டிவி நிறுவனம் 70 ரூபாய் மாதக் கட்டணத்தோடு வந்ததும் பலருக்கு நினைவிருக்கும். ஆச்சியின் சோம்பேறிப் பெட்டி இங்கேதான் பிறக்கிறது.

சுருக்காத டிஜிட்டல் படத்துக்கு விநாடிக்குச் சுமார் 166 மெகாபிட் தரவு வேண்டும். பழைய காலத்தில் ஒரே சேனலைத் தாங்கிய 8 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை இடத்தில் இன்று சுமார் 38 மெகாபிட் ஏற்றலாம். சுருக்காமல் விட்டால் ஒரு சேனலுக்கே இடம் போதாது. சுருக்கினால் பதினைந்து சேனல்கூட ஏறும். எப்படிச் சுருக்குவது? தேரையே பாருங்கள். அது அங்குலம் அங்குலமாக நகர்கிறது. பின்னால் நிற்கும் கோயில் மதில் அசைவதே இல்லை. ஒரு படத்தை முழுதாக அனுப்பிவிட்டு, அடுத்து வரும் படங்களுக்கு "மதில் அப்படியே இருக்கிறது, தேர் மட்டும் இந்தப் பக்கம் இவ்வளவு நகர்ந்தது" என்று குறிப்பை மட்டும் அனுப்பினால் போதும். என்கோடர் என்கிற சுருக்கும் கருவி செய்வது அதைத்தான். சில குறிப்புகளை எழுத, முந்திய படத்தோடு அடுத்து வரப்போகும் படத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. வராத படத்தைப் பார்ப்பது எப்படி? காத்திருந்துதான். இங்கேதான் முதல் தாமதம் நுழைகிறது. பிறகு பல சேனல்களை ஒன்றாகப் பின்னும்போது கொஞ்சம். வீட்டுப் பெட்டி தரவைச் சேமித்து, சேனலுக்குப் போட்ட ரகசியக் குறியீட்டுப் பூட்டைத் திறந்து, படத்தை மறுபடி விரிக்கும்போது கொஞ்சம். கேமராவிலிருந்து கன்ட்ரோல் ரூமுக்குக் கம்பிக்குப் பதிலாக இணையம் வழியே அனுப்பினால் அங்கே இன்னும் கொஞ்சம்.

ஒரு முறை கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்தேன். வெளியே தேர்ச் சக்கரத்துக்கு அடியில் சறுக்குக்கட்டை கொடுத்த சத்தத்துக்கும் டிவியில் அது தெரிந்ததற்கும் ஏறக்குறைய ஐந்து விநாடி. அந்த நேரத்தில் ஒலி ஒன்றேமுக்கால் கிலோமீட்டர் போய்விடும். டவுன் ஆர்ச்சைத் தாண்டி சந்திப்பு ரயில் நிலையத்தை நோக்கிப் பாதிக்கு மேல் போயிருக்கும். வடக்கு ரத வீதி என்ன, ஆர்ச் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தாலும் ஆச்சி தோற்றிருப்பாள்.

இந்தச் சுருக்கலுக்கு ஒரு பலவீனமும் உண்டு. தேர் வடம் பிடிக்கும்போது மாடிகளிலிருந்து பூ தூவுவார்கள். கூட்டம் முழுவதும் கையைத் தூக்கும். படத்தில் எல்லாமே ஒரே நேரத்தில் மாறும்போது குறிப்பு எழுதி மாளாது. ஒதுக்கிய மெகாபிட்டுக்குள் அடங்காமல் படம் கட்டம் கட்டமாக உடையும். சரியாக எதைப் பார்க்க ஆசைப்பட்டோமோ அந்த நொடியில் உடையும். பழைய அனலாக் படம் புள்ளியடித்தாலும் சாமியின் முகம் தெரிந்தது. டிஜிட்டலில் முகம் தெளிவாகத் தெரியும், இல்லையென்றால் அடியோடு தெரியாது. எனக்கென்னவோ பழையதுதான் பெருந்தன்மையானது.

மின்சாரம் போனால் இரண்டும் ஒன்றுதான். இழை முடிந்து கம்பி தொடங்கும் இடத்தில் இருக்கும் நோடு என்ற கருவிக்கும் கம்பத்து ஆம்ப்ளிஃபயருக்கும் ஓயாமல் மின்சாரம் வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்து சந்திப்பும் கொக்கிரகுளமும் தண்ணீரில் நின்றபோது, உள்ளூர்ச் செய்தி மிக வேண்டிய அந்த நாட்களில், எங்கள் வீட்டுத் திரை கறுத்துக் கிடந்தது. பேட்டரி போட்ட ரேடியோ பேசியது.

ஆச்சி இப்போது டிவியை நம்பி உட்காருவதில்லை. கொட்டுச் சத்தம் நெருங்கியதும் என் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுகிறாள். போன முறை தேர் எங்கள் வீட்டைக் கடந்தபோது இரு கையும் தூக்கிக் கும்பிட்டாள். எதிர் மாடிக் கேமரா எங்கள் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கையை இறக்கிவிட்டு உள்ளே போகத் திரும்பினால், நேர் எதிரே பட்டாசாலை டிவியில் அவள் அப்போதுதான் கையைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.