தகரச்சட்டிச் சந்து: ‘டின் பான் ஆலி’ என்ற சொல்

‘டின் பான் ஆலி’ என்று தமிழில் எழுதினால் ஏதோ ஓர் ஆளின் பெயர் போலிருக்கிறது. போதாக்குறைக்கு, ‘ஆலி’க்குப் பழந்தமிழில் ஆலங்கட்டி என்றும் பொருள் உண்டு. அமெரிக்கப் பாடலமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வினைப் பற்றித் தமிழில் படிக்கிறவர் இந்தச் சொல்லில் இடறத்தான் செய்வார். பிரித்துப் பார்த்தால் எளிது: டின் தகரம், பான் சட்டி, ஆலி சந்து.

நியூயார்க்கின் மன்ஹாட்டனில், மேற்கு 28ஆம் தெருவின் ஒரு துண்டுக்கு 1900 வாக்கில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் இது. ஒலித்தட்டு வீடுதோறும் வந்திராத காலம். புதுப் பாட்டு வேண்டுமென்றால் பாட்டுத்தாளை வாங்கி வந்து வீட்டுப் பியானோவில் வாசித்துக்கொள்ள வேண்டும். அந்தத் தாள்களை அச்சிட்டு விற்றவர்கள் இங்கே வரிசையாகக் கடைபோட்டிருந்தார்கள். சின்னச் சின்ன அறைகள், அறைக்கொரு பியானோ, ஒவ்வொன்றிலும் வேறு பாட்டு. சன்னல் திறந்திருந்தால் தெருவில் போகிறவர் காதில் அத்தனையும் ஒன்றாக விழும். தகரச் சட்டிகளைத் தட்டுவதுபோல் இருக்கிறது என்று மன்ரோ ரோசன்ஃபெல்ட் என்ற பத்திரிகையாளர் எழுதப்போய்ப் பெயர் நிலைத்தது என்பார்கள். இன்னொரு கதை ஹாரி வான் டில்சர் என்ற பாடலமைப்பாளரின் பியானோவைப் பற்றியது: கம்பிகளுக்கிடையே காகிதத்தைச் செருகித் தகர ஒலி வரவைத்திருந்தாராம். எந்தக் கதையானாலும் சொல்லின் உயிர் அந்தத் தகரத்தில்தான் இருக்கிறது.

பிறகு பதிப்பாளர்கள் வடக்கே நகர்ந்தார்கள். பெயரும் கூடவே போனது. தெருவைக் குறித்தது தொழிலையே குறிக்கலாயிற்று. ‘ஊர் சிரித்தது’ என்கிறோமே, அதே இடவாகுபெயர்தான்.

கெர்ஷ்வின் 1914இல் பள்ளியை விட்டு, 15 வயதில் ரெமிக் பதிப்பகத்தில் வாரம் 15 டாலருக்குச் சேர்ந்தார். வருகிற பாடகர்களுக்குப் பதிப்பகத்தின் பாட்டுகளை நாள் முழுக்க வாசித்துக் காட்டி, எடுத்துப் பாடவைப்பது வேலை. இதற்குச் ‘சாங் பிளக்கர்’ என்று பெயர். ‘பாட்டு பரப்புநர்’ என்றால் பொருள் சரியாக வந்துவிடும். அடுத்தவர் பாட்டை ஓயாமல் வாசித்த அந்த விரல்களிலிருந்துதான் 1919இல் ‘ஸ்வானி’ பிறந்தது. ஆல் ஜோல்சன் பாடிப் பரப்ப, அதன் பாட்டுத்தாள் பத்து லட்சம் பிரதிகள் விற்றது. 1924இல் ‘ராப்சடி இன் புளூ’ என்ற இசைப்படைப்பு வழியாக அவர் கச்சேரி மண்டபத்துக்கே போய்விட்டார்.

தமிழில் எப்படிச் சொல்வது? ‘இசைத் தெரு’ என்பது கௌரவமாக இருக்கிறது, ஆனால் ஓசை செத்துவிடுகிறது, கேலியும் போய்விடுகிறது. ‘தகரச்சட்டிச் சந்து’ என்பதே என் தேர்வு. அடுத்தடுத்து வரும் சகரங்களே சட்டியைத் தட்டிக் காட்டுகின்றன. தொழிலையோ பாணியையோ குறிக்கும்போது ‘தகரச்சந்து’ என்று சுருக்கிக்கொள்ளலாம்: ‘கெர்ஷ்வின் தகரச்சந்தில் தொழில் பழகியவர்.’