பையன் தடுக்கி விழுவது கவனக்குறைவா?

கோத்தகிரியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால், கணுக்கால் சுளுக்கோடு என்னிடம் இயன்முறை சிகிச்சைக்கு (பிசியோதெரபி) வரும் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். பாசி படிந்த படிகள், தேயிலைத் தோட்டத்துக் குறுக்குப் பாதை, முதுகில் கனத்த புத்தகப் பை. கூட வரும் அம்மாக்கள் பலர் சொல்வது ஒன்றுதான்: "இவன் அக்கா இந்த வயசுல இப்படி விழுந்ததே இல்ல சார். இவனுக்குத்தான் கவனமே கிடையாது."

தயவுசெய்து அவனைத் திட்டாதீர்கள். பெண் பிள்ளைகள் மளமளவென உயர்வது ஏறக்குறைய 11, 12 வயதில். பையன்களுக்கு அது சுமார் இரண்டு வருடம் தள்ளித்தான் வரும். அப்போது கால் எலும்பு முதலில் நீண்டுவிடுகிறது. தசை பலமும், மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் அதற்கு ஈடுகொடுக்கக் கொஞ்ச காலம் பிடிக்கும். ஒரே வகுப்பில் படிக்கும் பெண் ஒற்றைக் காலில் ஆடாமல் நிற்க, பக்கத்துப் பையன் தள்ளாடுவது அதனால்தான். பெரும்பாலான பையன்கள் பிறகு சரியாகிவிடுவார்கள்.

நாம் நிலையாக நிற்கக் கண், உட்காது (காதின் உள்ளே சமநிலையை உணரும் பகுதி), பாத மூட்டுகளின் உணர்வு மூன்றும் வேண்டும். மூடுபனியில் கண் உதவாது. உட்காதின் தகவலைப் பெரியவர்கள் அளவுக்குப் பயன்படுத்தும் திறனோ பதின்ம வயதில்தான் முழுமையடைகிறது.

சரி, பெண் பிள்ளைகளுக்குக் கவலையே இல்லையா? இருக்கிறது. பருவமடைந்த பிறகு, குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் மடங்குவது அவர்களிடம் அதிகம். கால்பந்து, கூடைப்பந்து போன்ற ஆட்டங்களில் முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் (ACL; தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைத்து வைப்பது) கிழிவது பையன்களைவிட அவர்களுக்கே கூடுதல். இதைச் சொன்னதும் சில வீடுகளில் பெண்ணின் விளையாட்டையே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். அவளுக்குத் தேவை பயிற்சி: முழங்காலை மடக்கி மெத்தென்று இறங்குவது, இடுப்புத் தசைக்கு வலுவூட்டுவது, ஒற்றைக் கால் சமநிலை. ஆட்டத்துக்கு முன் இவற்றை முறையாகச் செய்தால் காயம் கணிசமாகக் குறைகிறது.

வீட்டில் சுவரோரம் வெறுங்காலில், ஒரு காலில் 30 விநாடி நிற்கச் சொல்லுங்கள். அப்புறம் அடுத்த கால். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருந்தால், பழைய சுளுக்கு ஏதாவது உண்டா என்று கேளுங்கள். வலி போன பிறகும் அந்தக் காலின் சமநிலை திரும்பாமல் இருக்கலாம். அதே கணுக்கால் மறுபடி பிசகுவது அப்படித்தான்.

தடுமாற்றம் திடீரென வந்தாலோ, நாளாக நாளாகக் கூடினாலோ, தலைவலியும் வாந்தியும் சேர்ந்தாலோ பயிற்சிக்கு அழைத்து வராதீர்கள். நேரே மருத்துவரிடம் போங்கள்.